வெந்நீர் அண்டா யாருடையது

ஸ்டெல்லா,

நீ கேட்டு இருபத்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் உன் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்றேன். அடுத்த வாரம் போனில் சார்ஜ் இல்லை என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நேரமாகிறது என்று பாதியில் வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் பூசைக்கே போகவில்லை, கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சாக்கு. அந்த வெந்நீர் அண்டா புட்டம்மாவுடையது. நம் வீட்டில் செப்பு அண்டா எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அலுமினியக் குண்டானை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வைத்துத்தான் உனக்கு வெந்நீர் காய்ச்சி ஊற்றினேன். கலவரத்தன்று நாம் ஒளிந்திருந்தது நம் வீட்டுக் குளியலறையில் இல்லை. புட்டம்மாவின் குளியலறையில், அவளுடைய அண்டாவுக்குப் பின்னால்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது போனில் முகம் தெரிகிறது. உன் முகம் மாறுவதைப் பார்த்தால் நான் பேச்சைத் திருப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். கோலாரில், தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பில், ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்திக்கொள், அது உன் தொழில். முழங்கால் போய்விட்டது, சர்க்கரை ஏறி இறங்குகிறது, ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது. என் கல்யாணத்தன்று எனக்கு ஆறிப்போன காபியைக் கொண்டுவந்து நீட்டிய சொந்தக்காரி யார், அப்போது அவள் என்ன நிறத்துப் புடவை கட்டியிருந்தாள் என்று இன்றைக்கும் சொல்வேன். அவள் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை என்பது உனக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் எந்த வீட்டில் ஒளிந்தோம் என்பதை மறப்பேனா? மறக்கவில்லை. மாற்றிச் சொன்னேன். உன்னிடம் முப்பது வருஷத்துக்கு மேலாக, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் ஒரு மத்தியானம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆறு மாதம் உன்னோடு வந்து இருந்தேனே, அப்போது நடந்தது அது. நீ எட்டாவது பிள்ளைகளுக்குச் சரித்திரம் எடுக்கிறாய் என்று தெரியும். ராஜா ராணி கதை என்று நினைத்திருந்தேன். அங்கே வந்து பார்த்தால் வருஷத்தில் பாதி நாள் நீ சொல்லிக்கொடுப்பது யுத்தம். அடிமைகளுக்காக அந்த நாட்டு வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டது, அப்புறம் வியட்நாம், அப்புறம் ஈராக். சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கடி இந்த ரத்தமெல்லாம் என்று கேட்டேன். புத்தகத்தில் படித்தால் சண்டை எப்போதும் மேஜைமேல் விரித்த வரைபடத்தில் நடந்த மாதிரி இருக்கிறதம்மா, ஒரு தெருவில் நடந்தால் எப்படி இருக்கும் என்று இவர்களுக்குத் தெரியவேண்டும் என்றாய். தெருச் சண்டையைக் கண்ணால் பார்த்தவள் உன் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வா என்றாய், வந்தேன்.

உன் வீட்டுக்காரருடைய கோட்டுக்குள் நான் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவனும் தூங்கவில்லை. ஒரு ஸ்டாண்டில் கேமராவை வைத்தாய். நான் தமிழில் சொல்லச் சொல்ல நீ இங்கிலீஷில் சொன்னாய். காவிரித் தண்ணீர் விஷயத்தில் பெங்களூரில் தமிழ் ஆட்களை அடித்துக் கடைகளைக் கொளுத்திய நாட்களைச் சொன்னேன். அப்பா தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டது, நான் உன்னையும் கைக்குழந்தையாக இருந்த உன் தம்பியையும் இழுத்துக்கொண்டு நம் குளியலறையில் ஒளிந்தது, தினம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த பக்கத்து வீட்டுக் கன்னடத்துக்காரி நம் பெயர்ப்பலகையைப் பிடுங்கிக் கும்பலுக்கு முன்னால் கொடுவாளால் வெட்டிப் போட்டது, நம்மை எச்சில் சோறு தின்றவர்கள் என்று தெருவே கேட்கக் கத்தியது. கடவுள் புண்ணியத்தில் கும்பல் திரும்பிப் போய்விட்டது என்று முடித்தேன். தலையைப் பின்னிப் போட்ட ஒரு பெண், அவளுடைய அப்பா பட்டாளத்தில் இருக்கிறார் என்று அப்புறம் நீ சொன்னாய், அவள் கேட்டாள், அந்த அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்று. வெறுப்பு, வேறென்ன என்றேன். நீங்கள் மன்னித்துவிட்டீர்களா என்று இன்னொரு பையன் கேட்டான். அவள் கேட்டால்தானே மன்னிப்பதற்கு என்றேன். யாரும் கேட்காமலே இன்னொன்றும் சேர்த்தேன்: எச்சில் சோறு என்று அவள் சொன்னது பச்சைப் பொய் என்று. ஒரு பெண் அழுதாள். அவள் அழுததைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது, ஸ்டெல்லா. அதைத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒரு பொய்க்கு முன்பின் தெரியாத பிள்ளையை அழவைத்து அதில் சந்தோஷப்பட்டேன்.

அந்த வீடியோவை நீ வருஷா வருஷம் காட்டுகிறாய். பார்த்த பிறகு பிள்ளைகள் இரண்டு தாள் எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். சாட்சி என்ன சொன்னார் என்று ஒன்று, அது நமக்கு எப்படித் தெரியும் என்று இன்னொன்று. இந்த வருஷத்துத் தாள்களை நீ போட்டோ பிடித்து அனுப்பினாய். உன் தம்பி மகள் ரீனா அவற்றை அச்செடுத்து வந்து எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் புட்டம்மாவைத்தான் எழுதியிருந்தார்கள், பெயர் தெரியாததால் வெறுப்புப் பிடித்த பக்கத்து வீட்டுக்காரி என்று. ஒரு பையன் படமே போட்டிருந்தான். கதவு உயரத்துக்கு ஒரு பொம்பளை, கையில் கொடுவாள், கண் இரண்டும் சிவப்பு. புட்டம்மா என் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள். கடைசியில் கிளாரா என்ற பெண்ணுடைய தாள். டீச்சருக்கு அன்று ஐந்து வயது, அவருக்கு இரண்டே ஞாபகம்தான் என்று எழுதியிருந்தாள். முதுகில் பெரிய செப்பு அண்டாவின் சூடு, காதுமேல் அம்மாவின் கை. ஆனால் டீச்சரின் அம்மா, தங்கள் வீட்டில் ஸ்டவ்வில்தான் வெந்நீர் காய்ச்சியதாகவும் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதாகவும் சொல்கிறார். அப்படியானால் அந்த அண்டா யாருடையது? இவ்வளவுதான் கேட்டிருந்தாள். ரீனா தாளை மடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ரசத்துக்குப் புளி கரைக்கவேண்டும் என்று எழுந்து போனேன்.

அப்போது நாம் குடியிருந்த காம்பவுண்டில் ஆறு வீடும் ஒரே அச்சு. ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி பின்வாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய். அதனால்தான் ஐந்து வயதுப் பிள்ளையை நம்பவைப்பது எனக்கு எளிதாக இருந்தது. புட்டம்மா நமக்கு அடுத்த வீடு. மண்டியா பக்கத்துக்காரி. அவள் அண்ணனுக்கு அங்கே காவிரி வாய்க்கால் தண்ணீரில் விளைகிற கரும்பும் நெல்லும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ‘ஏ கோலாருக்காரி’தான். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும். அந்த நாட்களில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை. என் குடத்தை அவள் தள்ளி வைப்பாள், அவள் குடத்தை நான் உருட்டிவிடுவேன். தண்ணீர் வராத நாட்களில் நானும் அவளும் ஒரே படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரிப்போம். அவளுடைய கன்னடத்துக்கு நான் தமிழில் பதில் சொல்வேன், இரண்டு பேருக்கும் புரியும். அப்படி ஒருநாள் அவரைக்காய் உரிக்கும்போதுதான் அவளிடம் அதைச் சொன்னேன். உன் அப்பாவுக்கும் சொல்லாததை.

உனக்கு மூன்று வயதில் அப்பாவின் தொழிற்சாலையைப் பல மாதம் இழுத்து மூடினார்கள். வீட்டில் ஒன்றுமில்லை. நம் தெரு முனைக்கு அப்பால் ஒரு கல்யாணச் சத்திரம் இருந்தது. முகூர்த்த நாட்களில், கடைசிப் பந்தி முடிந்த பிறகு, பின்பக்கச் சந்தில் போய் நிற்பேன். துணிப்பையில் தூக்குப் பாத்திரத்தை மறைத்து வைத்திருப்பேன். சமையல்காரர் ஒருவர் மீந்த சோற்றைப் போடுவார். கோயிலில் கன்னியாஸ்திரீகள் கொடுத்தார்கள் என்று அப்பாவிடம் சொல்வேன். அவர் நம்பிச் சாப்பிடுவார். நீ அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறாய், ஸ்டெல்லா. பச்சைப் பொய் என்று உன் மாணவர்களிடம் நான் சொன்னேனே, அது பொய் இல்லை. எச்சில் இலை என்று புட்டம்மா சொன்னது மட்டும்தான் பொய். அது பாத்திரத்தில் மீந்த சோறு. இலையிலிருந்து நான் எடுத்ததில்லை. இதை இப்போதும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை பார்.

அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூடங்களைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டு வரும்போதே எங்கோ டயர் எரியும் வாடை. அடுத்த தெருவில் தமிழ்க் கடை ஒன்றைக் கொளுத்திவிட்டார்கள் என்றார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் சொன்னேன். புட்டம்மா பின்வாசல் வழியாக வந்தாள்.  உன் தம்பியை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தாள், நான் பிள்ளைக்காக அவள் பின்னால் ஓடினேன், நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அவளுடைய குளியலறையில், அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில் நம்மைத் திணித்தாள். நம் வீட்டு முன்கதவில் தன் பூட்டைப் போட்டாள். அப்புறம்தான் கதவுக்கு மேலே மாட்டியிருந்த பலகை அவள் கண்ணில் பட்டிருக்கவேண்டும். உன் தாத்தா சுரங்கத்தில் முட்டுக் கொடுக்கும் மரத்தில் துண்டு வாங்கி, உன் அப்பாவின் பெயரைத் தமிழில் செதுக்கிக் கொடுத்த பலகை. கும்பல் முற்றத்துக்குள் நுழையும்போது அவள் ஸ்டூல் போட்டு ஏறி அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் நான் பார்க்கவில்லை. ஸ்டூல் இழுபடும் சத்தம், ஆணி பிய்யும் சத்தம், அப்புறம் கொடுவாள். கிளாராவிடம் சொல், எனக்கு எப்படித் தெரியும் என்றால் காதால் தெரியும்.

அவள் கத்தியதை மட்டும் எழுத்து விடாமல் சொல்கிறேன். கன்னடத்தில் கத்தினாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

“அந்தக் கொங்கருங்க போன வாரமே ஓடிட்டாங்க. சத்திரத்து எச்சில் இலையில சோறு வழிச்சுத் தின்ன ஜனம். உள்ள என்ன இருக்குன்னு பூட்டை உடைக்கறீங்க? ஓட்டைக் குண்டான்தான் இருக்கும், வேணும்னா எடுத்துட்டுப் போங்க.”

கொங்கர் என்றால் நம்மைக் கேவலமாகச் சொல்வது. யாரோ சிரித்தார்கள். எச்சில் இலையா என்று ஒருவன் திருப்பிக் கேட்டான். ஆமாம், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றாள். உன் காதை நான் பொத்தியது கும்பலுக்குப் பயந்து இல்லை, ஸ்டெல்லா. கும்பல் கத்தும்போது உன் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டு ஒரு கையால் உன்னை அணைத்திருந்தேன். சத்திரம் என்ற வார்த்தை வந்தபோதுதான் என் கை உன் காதுக்குப் போயிற்று. அந்த வார்த்தைக்குப் பிறகு கும்பல் போய்விட்டது. பிச்சைக்காரர் வீட்டை உடைத்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? புட்டம்மா வெட்டிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பின்பக்கம் வந்து, வெளிச்சுவரில் வாய் வைத்திருந்த அண்டா அடுப்பில் சொருகினாள். தமிழ் எழுத்து ஒன்றுகூட முற்றத்தில் கிடக்கக்கூடாதே. உன் முதுகில் பட்ட சூடு அதுதான். நம் பலகை எரிந்த சூடு.

அவள் நம்மைக் காப்பாற்றினாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே தெரியும். புரியாமல் போய்விட்டது, பிறகு தெளிந்தது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படி இல்லை. ஆறு வீட்டுக்கும் அந்தச் சத்திரம் தெரிந்துவிட்டது, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மறுநாள் அப்பா வந்ததும், எதிர் வீட்டு மனிதர் ஒருவர் அவரிடம் இரக்கப்பட்டு அரிசி கொடுத்தார். அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாலு நாள் கழித்து, பலகை தொங்கிய இரண்டு ஆணியையும் தாளில் சுற்றிக் கொண்டுவந்து புட்டம்மா நீட்டினாள், புதுப் பலகைக்கு ஆகும் என்று. வாங்கி அவள் கண்ணெதிரிலேயே சாக்கடையில் போட்டேன். இரண்டு மாதத்தில் வீடு மாற்றினோம். அவள் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தபோது பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். உன் அப்பா அடக்கத்தன்று கோயில் வாசலில் குள்ளமாக ஒரு பொம்பளை நின்று அழுதாளே, யாரம்மா அது என்று நீ கேட்டாய். குழாயடியில் சண்டை போட்டவள், வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்றேன். நீ பாதி தூரம் போய்த் திரும்பி வந்துவிட்டாய்.

அப்பா என்னைத் திட்டியதில்லை. நீ பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அந்தக் கலவரத்தைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் பேசினாய். நான் சொல்லிக்கொடுத்தபடி, கொடுவாளோடு. பரிசு வாங்கிக்கொண்டு வந்தாய். அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றுதான்.

“நீ அவளுக்கு நன்றி சொல்ல வேணாம்மா. பிள்ளைகிட்ட பொய் சொல்லாம இரு. அது போதும்.”

அதற்காக ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதை இறுகிக்கொண்டே வந்தது. முதலில் புட்டம்மாவின் பூட்டு போயிற்று. பிறகு குளியலறை நம்முடையதாயிற்று. உன் வகுப்பில் சொன்னபோது அவள் நம்மைக் காட்டிக்கொடுக்கவே வந்தவள் ஆகிவிட்டாள். மண்ணெண்ணெய் வரிசையை மட்டும் உண்மையாகச் சொல்லிவிட்டேன், நாம் பட்ட கஷ்டம் தெரியட்டும் என்று. அதில்தான் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் என்னைப் பிடித்தாள்.

போன வருஷம் உன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தகப்பன் வந்து சண்டை போட்டதாகச் சொன்னாய். தன் அப்பா வியட்நாமில் சண்டை போட்டவர், அவரைக் கெட்டவர் என்று தன் மகளுக்குச் சொல்லிக்கொடுக்காதே என்றாராம். நீ அவரை எதிர்த்துப் பேசவில்லை என்றதும் எனக்குக் கோபம் வந்தது. அவர் கவலைப்படுவதில் தப்பில்லையம்மா, நல்ல மனிதர் ஒருவர் அங்கே போய் என்ன செய்தார் என்று கேட்கவும் விடவேண்டும், இரண்டும் சேர்ந்ததுதான் பாடம் என்றாய். எதிரி எதிரிதான்டி, நடுவில் நின்று பேசாதே என்று நான் உனக்குப் புத்தி சொன்னேன். என்ன யோக்கியதையில் சொன்னேன்! இப்போது இந்தக் கடிதம் வெளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த மாதம் மற்றப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் உன் பாடத்தைப் பார்க்க வருகிறார்கள், இந்த வீடியோவைத்தான் காட்டப்போகிறாய். டீச்சரின் தாயே பொய் சொன்னவள் என்றால், யுத்தத்தைப் பற்றி அவள் சொல்வதை எப்படி நம்புவது என்று அந்தத் தகப்பன் மாதிரி நாலு பேர் கிளம்புவார்கள். உன் வேலைக்கே இடைஞ்சல் வரலாம். இருபத்து மூன்று நாள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதி, அந்தத் தூக்கும் துணிப்பையும்தான்.

போன புதன்கிழமை உன் தம்பியிடம் புட்டம்மா இருக்கிறாளா, செத்துவிட்டாளா என்று கேட்டேன். அவன் போனை எடுத்து நம்பரைக் காட்டினான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவளோடு பேசுகிறானாம். சாவதற்கு முன்னால் அப்பா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இந்தக் குடும்பத்தில் தெரியாதவள் நீ ஒருத்திதான், சரித்திரம் படித்தவள். புட்டம்மா பெங்களூருக்கு வெளியே, மாநில எல்லையை ஒட்டிய அத்திபெலேயில் மகன் வீட்டில் இருக்கிறாள். மகன் அங்கே டயர் கடை வைத்திருக்கிறான். உன் தம்பி காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். நான் பஸ்ஸில்தான் போனேன். யாருடைய உதவியிலும் போய் அவள் முன்னால் நிற்கக்கூடாது என்று ஒரு வீம்பு, அங்கேயும்.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியாது, இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறது. ஏ கோலாருக்காரி, வழி தெரிஞ்சுதா என்றாள். சுற்றிலும் உன் ஆட்கள்தான், கடையில் நாள் முழுக்கத் தமிழ்தான், காது வலிக்கிறது என்றாள். நான் உட்கார்ந்து, பையிலிருந்து கிளாராவின் தாளை எடுத்து, ரீனா தமிழில் எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். கொடுவாள் படத்தையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். இவ்வளவு உயரமா நான் என்றாள். அந்த அண்டா இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். கீஸர் வந்தவுடனே மருமகள் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டாளாம்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், நீ எங்களைக் காப்பாற்றத்தான் அப்படியெல்லாம் நடித்தாய் என்று எழுதப்போகிறேன் என்றேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். அவள் பேசியது கன்னடமும் தமிழும் கலந்தது. நான் புரிந்துகொண்ட மாதிரி எழுதுகிறேன்.

“நடிச்சேன்னு எழுதாதே. எங்க அண்ணன் வயலு அந்த வருஷம் காஞ்சு கெடந்துச்சு. உங்க ஆளுங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. உன் மேலயும்தான், தெனம் என் குடத்தை உருட்டுவியே. வாய்க்கு வந்தது எல்லாம் உள்ள இருந்ததுதான். ஆனா உன் பிள்ளைங்களத் தொட விடுவேனா? ரெண்டும் நான்தான். ரெண்டையும் எழுது.”

அந்தச் சத்திரத்துப் பேச்சு எதற்கு, வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். இவ்வளவு வருஷம் தொண்டையில் கிடந்த கேள்வி. வேறு எது சொன்னாலும் உள்ளே போய்ப் பார்த்திருப்பார்கள் என்றாள். இலை இல்லையே, பாத்திரத்துச் சோறுதானே என்றேன். இலை என்றால்தான் அருவருத்துப் போவார்கள் என்றாள். ஆனாலும் நீ நம்பிச் சொன்னதை ஊர் கேட்கச் சொல்லிவிட்டேன், அந்தப் பாவம் எனக்கு இருக்கிறது என்றாள். சாக்கடையில் போட்ட ஆணிக்கு நானும் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும்.  அவள் மருமகள் கொண்டுவந்த காபியைக் குடித்தேன். ஆறித்தான் போயிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் வீடியோவை அழித்துவிடாதே, ஸ்டெல்லா. அழித்தால் நான் பொய் சொன்னதற்கும் சாட்சி இல்லாமல் போய்விடும். வரப்போகிற டீச்சர்களுக்கும் அதைக் காட்டு. வெறுப்பு, வேறென்ன என்று நான் சொல்லும் இடத்தில் நிறுத்து. இந்தக் கடிதத்தை இங்கிலீஷில் படி, சத்திரத்தையும் சேர்த்துத்தான். அன்றைக்கு அழுத பெண் இப்போது பெரிய வகுப்பில் இருப்பாள், அவளையும் தேடிப்பிடித்துச் சொல். கிளாராவிடம், நீ கேட்ட பிறகுதான் அந்தக் கிழவி அத்திபெலேக்குப் பஸ் ஏறினாள் என்று சொல்.

இன்னொன்று. கிளம்பும்போது புட்டம்மா ஒரு நிபந்தனை போட்டாள். உன் பிள்ளைகள் அவளையும் கேள்வி கேட்கவேண்டுமாம், கேமரா வைத்து, என்னைக் கேட்ட மாதிரியே. கன்னடத்தில்தான் பதில் சொல்வாளாம். அவள் பேசுவதை உனக்குத் தமிழில் சொல்ல நான் பக்கத்தில் உட்காரவேண்டுமாம். அவள் மகனுக்குத் தமிழ் நன்றாக வரும், அவன் சொல்லட்டுமே என்று பார்த்தேன். கூடாது, நீதான் உன் வாயால் சொல்லவேண்டும், ஒரு வார்த்தை மாற்றினாலும் எனக்குத் தெரியும் என்றாள். கொங்கர் என்று அவள் சொன்னால் நானும் சொல்லவேண்டும். எச்சில் இலை என்றால் எச்சில் இலை என்றே சொல்லவேண்டும், பாத்திரம் என்று திருத்தக்கூடாதாம். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உனக்கு முதல் வகுப்பு நடக்கும்போது இங்கே சாயங்காலம், அவளுக்கு அது தோது. எந்தக் கிழமை என்று மட்டும் எழுது. முதல்நாளே அத்திபெலேக்குப் போய்விடுகிறேன்.

அம்மா